யாருக்குத் தோது?

2025 ஜூலை 12, சனிக்கிழமை. தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூட வாசல்களில் காலை எட்டு மணிக்கே கூட்டம். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு. அறிவிக்கையில் இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13.89 லட்சம். வந்து எழுதியவர்கள் ஏறத்தாழ 11.48 லட்சம். கேட்ட படிப்பு பத்தாம் வகுப்புதான். ஆனால் இந்தத் தேர்வின் வரிசையில் எப்போதும் பி.இ. முடித்தவர்கள் நிற்பார்கள். பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் நிற்பார்கள். கைக்குழந்தையை வாசலில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவர்களும் நிற்பார்கள். ஒரு நிமிடம் பிந்தி வந்தவர் சாத்திய கேட்டைப் பிடித்துக்கொண்டு அழும் படம் மறுநாள் நாளிதழில் வரும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 2022இல் 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. 2024இல் 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கு மேல். இடங்களைப் பின்னால் கூட்டுவது உண்டு என்றாலும், அறிவிக்கையில் கண்ட எண்ணை வைத்து வகுத்தால் ஓர் இடத்துக்கு முதலில் 300 பேர், பிறகு 326 பேர், 2025இல் 353 பேர். விண்ணப்பம் குறைந்திருக்கிறது, நெரிசல் கூடியிருக்கிறது.

இதற்குப் பொதுவில் சொல்லப்படும் விளக்கம் பழையது. அரைக்காசு என்றாலும் அரசாங்கக் காசு என்று வளர்ந்த சமூகம், அதற்கு உழைக்கப் பிடிக்கவில்லை, உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுகிறது என்பார்கள். இதை அதிகம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். எனக்கு இந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. அந்த 11 லட்சம் பேரில் பலர் ஏற்கெனவே எங்கோ உழைத்துக்கொண்டிருப்பவர்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் பழைய வினாத்தாளைப் புரட்டுகிறவர்களைச் சோம்பேறி என்று சொல்ல மனசாட்சி வேண்டாமா?

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்ட ஆய்வுகள் உண்டு. லோக்நிதி–சி.எஸ்.டி.எஸ். 2016இல் இந்திய இளைஞர்களிடம் எந்த வேலை வேண்டும் என்று கேட்டபோது 65 சதவீதத்தினர் அரசு வேலை என்றனர். தனியார் வேலையைக் கேட்டவர்கள் வெறும் 7 சதவீதம். அதே நிறுவனம் 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் கேட்டபோது, வேலை கிடைப்பது முன்னைவிடக் கடினமாகிவிட்டது என்றவர்கள் 62 சதவீதம். அதை வெறும் மனக்குறை என்று ஒதுக்கவும் முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் இந்தியாவில் பட்டம் பெற்ற இளைஞர்களில் 29.1 சதவீதத்தினர் வேலையில்லாதவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்தான். படிக்காதவர் எது கிடைத்தாலும் செய்கிறார், படித்தவர் காத்திருக்கிறார். காத்திருக்க வீட்டில் யாரோ சோறு போடுகிறார்கள்.

ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாம் எந்த வேலை என்று கேட்டதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த வேலையில் உன் நேரம் யார் கையில் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் பெண் பார்க்கப் போகும்போதும், மகனை வேலைக்கு அனுப்பும்போதும் பெரியவர்கள் ஒரு சொல்லைப் பயன்படுத்துவார்கள்: தோது. 'சம்பளம் கம்மிதான், ஆனா தோதா இருக்கு' என்பார்கள். வீட்டுக்குப் பக்கம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பலாம், ஊர்த் திருவிழாவுக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். மேலாண்மைக்காரர்கள் நெகிழ்வு என்று கருத்தரங்கம் போட்டுப் பேசுவதை நம் பாட்டிகள் இரண்டு எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் குரூப் 4 வரிசையின் பொருள் மாறுகிறது. இளநிலை உதவியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அறிவிக்கையில் இருந்த ஊதிய விகிதம் 19,500 முதல் 71,900 வரை. தொடக்கச் சம்பளம் மட்டும் பார்த்தால் மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பிள்ளை வாங்குவதைவிடப் பிரமாதம் ஒன்றுமில்லை. ஆனால் தற்செயல் விடுப்பு உண்டு, ஈட்டிய விடுப்பு உண்டு, மருத்துவ விடுப்பு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு ஓராண்டு, சம்பளத்தோடு. தனியாரில் 2017 முதல் சட்டப்படி 26 வாரம். அதுவும் நிறுவனம் சட்டத்தை மதித்தால்தான். பிள்ளை பெற்ற ஒரு பெண் விடுப்பு முடிந்து திரும்பி வரும்போது அதே நாற்காலி அங்கேயே இருக்கும் என்பதை எந்த ஊதிய விகிதத்தில் எழுதுவது? நெகிழ்வுக்கு எதிரானது என்று நாம் நினைக்கும் அரசு வேலைதான், உழைக்கிறவர் பக்கம் அதிகம் வளைந்து கொடுக்கும் வேலை. அரசு வேலை வேண்டும் என்ற 65 சதவீதத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

நெகிழ்வு என்ற சொல் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் விழுந்தது 2023 ஏப்ரலில். அந்த மாதம் 21ஆம் தேதி சட்டமன்றம் ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65 ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம், மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் போன்ற விதிகளிலிருந்து சில தொழிற்சாலைகளுக்கு அரசு விலக்கு அளிக்கலாம் என்றது. நாளுக்கு 12 மணி நேரம், நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை, விரும்பியவர்களுக்கு மட்டும் என்று விளக்கம் தந்தார்கள். மின்னணு நிறுவனங்கள் நெகிழ்வான வேலைநேரம் கேட்கின்றன என்றார்கள். கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் இதுபோல் ஒன்றைச் செய்திருந்தது.

கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. அன்றைய ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் எதிர்த்தது. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, மே தின விழாவில், அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1923 மே 1 அன்று, ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடினார். எட்டு மணி நேரம் கேட்கும் மே தினத்தின் நூற்றாண்டில் பன்னிரண்டு மணி நேரம் வந்து திரும்பிப் போனது.

அந்தப் பத்து நாளில் மக்கள் பேசியதை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். மூன்று நாள் விடுமுறை கிடைக்குமே என்று ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள், பொய் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்ப்பவருக்கு அது உண்மையிலேயே ஆசை காட்டும். ஆனால் பெரும்பாலானோர் நினைப்பு வேறு. கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பன்னிரண்டோடு அதைக் கூட்டினால் பதினைந்து. விரும்பியவர்களுக்கு மட்டும் என்ற சொல்லை யாரும் நம்பவில்லை. சூப்பர்வைசர் வந்து 'விருப்பம்தானே?' என்று கேட்கும்போது இல்லை என்று சொல்லக்கூடியவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். நிரந்தரத் தொழிலாளி சொல்லலாம். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் பயிற்சியாளர் என்ற பெயரில் இருப்பவரும் சொல்ல முடியாது.

இங்கே இன்னொரு சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 1981லேயே ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற சட்டம். நல்ல சட்டம். அதனாலேயே 480 நாள் நிறையுமுன் கணக்கை முடித்து அனுப்புவதும், ஒப்பந்தக்காரர் பெயரை மாற்றி அதே ஆளை மறுபடி எடுப்பதும் ஒரு கலையாக வளர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்த கால வேலை என்று அதற்கு முறையான பெயரே வைத்துவிட்டன. அப்படி ஓராண்டு வேலை பார்த்தவருக்கும் பணிக்கொடை உண்டு என்பது அதில் ஒரு நல்ல அம்சம். முன்பு ஐந்தாண்டு வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, என் வாதத்துக்கு இடைஞ்சலான ஓர் ஊரைப் பற்றியும் பேச வேண்டும். திருப்பூர்.

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு டெய்லர் வேலை பார்ப்பவரிடம் போய், மாதச் சம்பளத்துக்கு வாங்க, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு என்று சொன்னால் எல்லாரும் ஓடி வந்துவிடமாட்டார்கள். ஓடுகிற ஆர்டரில் பகலும் இரவும் தைத்து வாரக் கடைசியில் கை நிறைய வாங்கலாம். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுக்கு ஊருக்குப் போனால் நாலு நாள் கழித்து வரலாம், யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். இந்தக் கம்பெனியில் ரேட் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் வேறு கம்பெனி. பன்னிரண்டு மணி நேரத்தை அந்த ஊர் ஒன்றரை ஷிப்ட் என்றுதான் கணக்கு வைக்கிறது. தேவைப்பட்டால் இரண்டு ஷிப்ட். சட்டத்தின் எட்டு மணி நேரம் அங்கே ஒரு கணக்கு அலகு மட்டும். அந்தத் தொழிலாளிக்கு அது தோதாக இருக்கிறது என்றால், வெளியிலிருந்து போய் உனக்குத் தோது எது என்று உனக்குத் தெரியாது என்று சொல்ல நான் யார்?

ஆனால் அந்தத் தோது ஆர்டர் ஓடும்வரைதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் முதலில் சுருங்கியது ஷிப்ட்தான். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளம் குறையுமுன் பீஸ் ரேட்காரருக்குப் பீஸ் குறைந்துவிடும். அதற்கு நோட்டீஸ் வேண்டாம், ஆள்குறைப்பு என்ற பெயரும் வேண்டாம். முதலாளி பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜாப் ஒர்க் எடுத்து இருபது மிஷின் ஓட்டுகிறவர் முதலாளி என்று பெயர்தான். வெளிநாட்டுக்காரர் டிசைனைத் தாமதமாகக் கொடுத்து, தேதியை மட்டும் மாற்றமாட்டேன் என்பார். அந்த நெருக்கடி ஏற்றுமதியாளர், ஜாப் ஒர்க்காரர், லைன் சூப்பர்வைசர் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவரின் இரவுத் தூக்கத்தில் போய் நிற்கும். கீழே இறக்கிவைக்க அவருக்கு யாரும் இல்லை.

உணவு டெலிவரிக்கும் பைக் டாக்ஸிக்கும் போன இளைஞர்களின் பேச்சிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. முதலில் சொல்வது எப்போதும் நல்லதுதான்: 'மேல ஆள் இல்ல, நாம நினைச்சா லாக்-இன், இல்லன்னா ஆஃப்.' ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை 2010இல் வந்த 'அங்காடித் தெரு' பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவரத் தமிழ்நாட்டுக்கு 2021 ஆனது. அதனால் இந்த இளைஞர்களின் உற்சாகத்தை ஏமாளித்தனம் என்று நான் எழுதமாட்டேன்.

இன்னும் கொஞ்சம் நேரம் பேசினால் அடுத்தது வரும். இன்சென்டிவ் வேண்டுமானால் இத்தனை ஆர்டர் முடிக்க வேண்டும், அதுவும் மதியமும் இரவும் கூட்டம் அதிகமான நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை, மழைநாள், பண்டிகை, கிரிக்கெட் ஆட்டம் என்று எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் இவர் தெருவில் இருந்தால்தான் பெட்ரோல் போக ஏதாவது மிஞ்சும். எப்போது வேண்டுமானாலும் ஆஃப் செய்யலாம் என்பது உண்மைதான். வாடகை கொடுக்க வேண்டிய மாதத்தில் அந்தப் பொத்தானை யாரும் தொடுவதில்லை. ஐடி பிளாக் ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது. மேலே ஆள் இல்லை என்று முதலில் பெருமைப்பட்டதற்கு அன்றைக்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட கணக்கில், இந்தியாவில் 2020–21இல் இப்படி 77 லட்சம் பேர் இருந்தார்கள், 2029–30இல் 2.35 கோடி ஆவார்கள். தமிழ்நாடு 2023இல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. ராஜஸ்தான் அதே ஆண்டு தனிச் சட்டமே இயற்றியது. மத்தியச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்புக்குத் தர வேண்டும் என்கிறது. இவை எல்லாம் விபத்துக்கும் முதுமைக்கும். வேலைநேரத்தை யார் தீர்மானிப்பது என்பதில் இவை கைவைக்கவில்லை.

மென்பொருள் துறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அது தன் குரலைத் தானே உரக்கச் சொல்லிக்கொள்ளும் துறை. 2020இல் வீட்டிலிருந்து வேலை என்றபோது தென்காசியிலும் கும்பகோணத்திலும் திண்ணையில் லேப்டாப் வைத்துப் பார்த்தவர்கள், வேலையும் ஊரும் சேர்ந்து கிடைக்கும் என்று ஒரு முறை கண்ணால் கண்டவர்கள். அலுவலகத்துக்குத் திரும்பு என்ற மின்னஞ்சல் அவர்களுக்கு வெறும் உத்தரவாகப் படவில்லை, எதையோ பிடுங்கிக்கொண்டதாகப் பட்டது. பல நிறுவனங்களில் ஊழியர் விலக வேண்டுமானால் 90 நாள் முன்னறிவிப்பு. நிறுவனம் அனுப்ப நினைத்தால் ஒரு மதியக் கூட்டம் போதும் என்பது ஓ.எம்.ஆர். சாலையில் டீக்கடைப் பேச்சு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்த பிறகு, ஐ.டி. மாப்பிள்ளை என்ற சொல்லின் எடை கல்யாணச் சந்தையில் குறைந்ததைத் தரகர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெண்கள் விஷயம் தனி. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்கிறது 2019–20 ஆண்டுத் தொழில் ஆய்வு. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எண் இது. ஆனால் மின்னணுத் தொழிற்சாலை வரிசையில் நிற்பவர்களின் வயதைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் சில வருடம், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பாதுகாப்பான இடம், நல்ல கட்டடம், மறுக்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணை எந்த ஷிப்டுக்கும் தோதாக்கும் ஏற்பாடு அது. கல்யாணமான பெண்ணுக்கு ஷிப்டைத் தோதாக்கும் ஏற்பாடு எங்கே? 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 88 நிமிடம். இந்த 289 நிமிடத்தை வீட்டில் வைத்துக்கொண்டு எட்டு மணி நேர வேலையும் மூன்று மணி நேரப் பயணமும் எப்படிப் பொருந்தும்?

வேலைச் சந்தையில் பெண்களின் நேரத்துக்கு உண்மையிலேயே உதவிய ஏற்பாடுகள் இரண்டு. ஒன்று நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் அதில் வந்தவர்கள் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள். கூலி குறைவுதான், 2025–26இல் நாளுக்கு 336 ரூபாய். ஆனால் வேலை ஊருக்குள்ளேயே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போகலாம். இரண்டாவது, 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பஸ். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. பணத்தைவிட முக்கியம், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய வீட்டுவேலையையும் கடைவேலையையும் ஒரு பெண் யோசிக்காமல் ஏற்றுக்கொள்ள முடிந்தது. பிடிக்காத வேலையை விட்டுவிட்டு அடுத்த ஊரில் தேடவும் முடிந்தது.

கடைசியாக அரசு. மக்கள் கண்ணில் தோதான வேலைக்கு இலக்கணமாக இருக்கும் அரசேதான் மறுபக்கத்தில் அதை உடைத்துக்கொண்டும் இருக்கிறது. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி கற்றுத்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். தாளில் பார்த்தால் இதைவிட நெகிழ்வான வேலை கிடையாது. அந்த ஆசிரியர்கள் அன்று முதல் தெருவில் உட்கார்ந்து கேட்பது ஒன்றுதான்: எங்களை நிரந்தரமாக்குங்கள். மீதி நாள்களில் வேறு வேலை பார்க்கலாமே என்று சொன்னவர்களுக்கு, வாரத்தில் மூன்று நாள் வர முடியாது என்று சொல்கிற ஆளை எந்த முதலாளி எடுப்பான் என்பது தெரியவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை மாநகராட்சி ஆளாகவே வைத்துக்கொள் என்றார்கள். நீதிமன்ற உத்தரவைச் சொல்லி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த மண்டலத்துக்குப் பெயர் கொடுத்த திரு.வி.க., 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. அன்றைக்குப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் கொண்டுவந்த குறைகளில் முக்கியமானது கூலிகூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது.

2025இல் சென்னை மாநகராட்சி, டெலிவரி ஊழியர்களுக்காக அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறை ஒன்று திறந்தது. உட்கார நாற்காலி, போனுக்குச் சார்ஜ் போட இடம், கழிவறை. வெயிலுக்கு அது பெரிய உபகாரம். கொண்டுவந்த தயிர்சாதத்தை அங்கே பிரித்து வைத்துச் சாப்பிடலாம். பாதியில் போன் அடிக்கும், சில நொடிக்குள் எடுக்க வேண்டும்.